ஆஸ்பத்திரியில் கிட்னிக்கு அடிக்கும் மணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்டில் படுத்திருக்கும் நோயாளியின் சிறுநீரகம் திடீரென்று சுணங்கினால், ரத்தப் பரிசோதனை முடிவை வைத்துக் கம்ப்யூட்டரே ‘இவரைக் கவனி’ என்று சொல்லும் ஏற்பாடு இங்கிலாந்தில் பத்து வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. அங்கே ஒரு நடுத்தர ஊர் மருத்துவமனையில் வார்டு டாக்டராக இருந்த வருடங்களில் அதோடு தினமும் மல்லுக்கட்டியிருக்கிறேன். ஊருக்கு வரும்போது நண்பர்களும் சொந்தக்காரர்களும் இதைப் பற்றிக் கேட்ட கேள்விகள்தான் கீழே இருப்பவை.

திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்றால் கிட்னி ஃபெயிலியரா?

அப்படி இல்லை. ஃபெயிலியர் என்றதும் டயாலிசிஸ்தான் நினைவுக்கு வரும். இது அதற்கு ரொம்ப முன்னாலேயே தொடங்கிவிடும் விஷயம். சில மணி நேரத்திலோ சில நாளிலோ சிறுநீரகத்தின் வடிகட்டும் வேலை சட்டென்று குறைவதைத்தான் டாக்டர்கள் ஏகேஐ என்கிறார்கள். வாந்தி பேதியில் உடம்பு வறண்டது, ரத்தத்தில் தொற்று, ஆபரேஷனில் பி.பி. இறங்கியது, வலி மாத்திரை, சிறுநீர் வெளியேற வழியில்லாமல் அடைத்தது என்று காரணங்கள் பல. பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. ஆனால் வலிக்காது. நோயாளி ‘எனக்குக் கிட்னி வலிக்குது’ என்று சொல்லமாட்டார். அதனால்தான் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது.

கிரியாட்டினின் எண்ணை டாக்டர் பார்த்தாலே தெரியாதா? இதற்கு எதற்குக் கம்ப்யூட்டர்?

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு. அந்த வேலை சுணங்கினால் ரத்தத்தில் அதன் எண் ஏறும். இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். நோயாளி ஆண், வயது 60. போன ஒரு வருடத்தில் மூன்று முறை கிரியாட்டினின் பார்த்திருக்கிறார்கள்: 68, 72, 80. இங்கிலாந்தில் இதை மைக்ரோமோலில் எழுதுவார்கள். 88.4-ஆல் வகுத்தால் நம் ஊர் மில்லிகிராம் கணக்கு வந்துவிடும். நடு எண் 72, அதாவது 0.81. நிமோனியாவோடு அட்மிட் ஆன அன்று 75. மறுநாள் காலை 104, நம் கணக்கில் 1.18.

1.18-ஐப் பார்த்து எந்த டாக்டர் பதறுவார்? லேப் சீட்டில் நட்சத்திரக் குறிகூட இருக்காது, நார்மல் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஒரே நாளில் 29 ஏறியிருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் 26-க்கு மேல் ஏறினாலே அது முதல் நிலைப் பாதிப்பு. நான்காம் நாள் 158, அதாவது 1.79. இப்போது பழைய அளவைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது, இரண்டாம் நிலை. இங்கேதான் மனிதக் கண் விழித்துக்கொள்ளும். நடுவில் போன இரண்டு நாளில் இவருக்கு வலி மாத்திரையும் பி.பி. மாத்திரையும் தவறாமல் போயிருக்கும்.

கம்ப்யூட்டருக்கு நார்மல் எல்லையைப் பற்றிக் கவலையில்லை. இந்த மனிதருக்கு முன்னால் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்று மட்டும் பார்க்கும். முப்பது நோயாளிகளின் பழைய ரிப்போர்ட்டை ஒவ்வொன்றாகத் திறந்து இந்த வகுத்தல் கணக்கைப் போட வார்டில் யாருக்கும் நேரம் கிடையாது.

இது எப்படி வந்தது?

2009-இல் பிரிட்டனில் ஒரு விசாரணை அறிக்கை வந்தது. திடீர் சிறுநீரகப் பாதிப்போடு ஆஸ்பத்திரியில் இறந்துபோனவர்களின் கேஸ் ஷீட்டுகளை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தார்கள். நல்ல கவனிப்பு கிடைத்தவர்கள் பாதிப்பேர்தான். அட்மிட் ஆன பிறகு பாதிப்பு வந்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு, அதைக் கண்டுபிடிப்பதிலேயே ஏற்கமுடியாத தாமதம். இதில் என்ன உறுத்தல் என்றால், எண்கள் எல்லாம் கேஸ் ஷீட்டிலேயே இருந்தன. கோத்துப் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

2012-இல் கேடிகோ என்ற சர்வதேச அமைப்பு ஏகேஐ என்றால் என்ன என்பதற்கு ஒரே வரையறையைக் கொடுத்தது. 2014 ஜூனில் அங்கே அரசு மருத்துவச் சேவையை நடத்தும் என்.ஹெச்.எஸ். இங்கிலாந்து எல்லா மருத்துவமனை லேப்களுக்கும் உத்தரவு போட்டது: 2015 மார்ச் 9-க்குள் இந்தக் கணக்கு உங்கள் கம்ப்யூட்டரில் ஓட வேண்டும். ஊருக்கு ஊர் வேறு வேறு கணக்கு வேண்டாம், நாடு முழுக்க ஒன்றே. வேல்ஸும் இதே வழியில் போனது.

கணக்கு சரியாக எப்படி ஓடுகிறது?

புதிய கிரியாட்டினின் வந்ததும் கடந்த ஏழு நாளில் இருந்ததிலேயே குறைந்த எண்ணை எடுக்கும். அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் ரிப்போர்ட் இருந்தால் அவற்றின் நடு எண்ணை எடுக்கும். புதியதைப் பழையதால் வகுக்கும். 1.5 மடங்கு என்றால் முதல் நிலை, 2 என்றால் இரண்டாவது, 3 என்றால் மூன்றாவது. அந்த அளவு வராவிட்டாலும் 48 மணி நேரத்தில் 26-க்கு மேல் ஏறியிருந்தால் முதல் நிலை. இவ்வளவுதான், பள்ளிக்கூடக் கணக்கு. இதைச் ‘செயற்கை நுண்ணறிவு’ என்று யாராவது விற்க வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

பழைய ரிப்போர்ட்டே இல்லாதவருக்கு?

எண் அதிகமாக இருந்தால் ‘இது புதிய பாதிப்பா, நாள்பட்ட நோயா, பார்த்துக்கொள்ளவும்’ என்று ஒரு கேள்விக்குறி போடும். அதற்கு மேல் அதனால் முடியாது. நம் ஊர் கணக்கில் கிரியாட்டினின் 2.1 என்று வருகிறவருக்கு ஆறு மாதமாகவே 2.1 இருந்திருக்கலாம், போன வாரம் 0.9 இருந்திருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மணி தவறாக அடிக்குமா?

நிறைய. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறவரின் கிரியாட்டினின் டயாலிசிஸ் முடிந்ததும் இறங்கும், அடுத்த முறைக்குள் ஏறும். கணக்குக்கு அது தெரியாது, ஏறும்போதெல்லாம் கத்தும். கர்ப்ப காலத்தில் கிரியாட்டினின் இயல்பாகவே குறையும். பிரசவத்துக்குப் பின் பழைய நிலைக்குத் திரும்பினால் அதையும் சந்தேகப்படும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் டிரைமெத்தோபிரிம் மாத்திரை கிட்னியைக் கெடுக்காமலேயே கிரியாட்டினினை ஏற்றிக் காட்டும். முந்தின நாள் கறிச் சாப்பாடு கொஞ்சம் பலமாக இருந்தால்கூட எண் சற்று ஏறும். (ஞாயிற்றுக்கிழமை மட்டன், திங்கட்கிழமை டெஸ்ட் என்று போகிற மாமாக்கள் கவனிக்க.)

எரிச்சலூட்டுவது எதுவென்றால், தேறி வருகிறவருக்கும் அடிப்பதுதான். 80-இல் இருந்து 300-க்கு ஏறி, 250, 200 என்று அழகாக இறங்கிக்கொண்டிருப்பார். 200 என்பது இன்னும் 80-ஐப்போல் இரண்டரை மடங்கு. ஆகவே இறங்கும் ஒவ்வொரு நாளும் மணி அடிக்கும்.

அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காமல் போகுமா?

போகும். கிரியாட்டினின் மெதுவாக ஏறுகிற பொருள். காலையில் கிட்னி அடிபட்டால் எண்ணில் தெரிய ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட ஆகும். சதை வற்றிப்போன முதியவர்களுக்கு எண் ஏறுவதே குறைவு. டிரிப்ஸ் நிறையப் போன உடம்பில் கிரியாட்டினின் நீர்த்துப்போய்க் குறைவாகக் காட்டும். சிறுநீர் குறைவதும் வரையறையில் உண்டு, ஆறு மணி நேரம் தொடர்ந்து கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிக்குக் கீழே போனால் பாதிப்பு. ஆனால் லேப் கம்ப்யூட்டருக்குச் சிறுநீர் அளவு போவதில்லை. சாதாரண வார்டில் மணிக்கு மணி அதை அளப்பதும் இல்லை.

அப்புறம் ஒன்று: ரத்தமே எடுக்காத நோயாளிக்கு மணி அடிக்காது.

அடித்த பிறகு வார்டில் நிஜமாக என்ன நடக்கும்?

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்கிறேன். டூட்டியை வாங்கிக்கொள்ளும்போது பட்டியலில் மூன்று எச்சரிக்கைகள். முதலாவது டயாலிசிஸ் நோயாளி. இரண்டாமவர் மத்தியானமே டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போய்விட்டார். மூன்றாவது எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். இரண்டாம் நிலை. ரிசல்ட் வந்தது காலை பதினொரு மணிக்கு, நான் பார்த்தது ஏழு மணிக்கு. இடைப்பட்ட நேரத்தில் இரண்டு வேளை ஐபுபுரோஃபென் என்ற வலி மாத்திரை போயிருந்தது. எச்சரிக்கை யார் பெயருக்குப் போனது என்று தேடினால், பெரிய டாக்டரின் கணக்குக்கு. அவர் அன்று முழுக்க இன்னொரு கட்டடத்தில் அவுட்பேஷண்ட் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேலும் தப்பு சொல்ல முடியாது. மணி அடித்தது, ஆள் இல்லாத அறையில் அடித்தது.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பாட்டி இரண்டு நாளாகச் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை என்று எழுதியிருந்தது. உடனே ஒரு பாட்டில் சலைன் எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற மலையாளி சிஸ்டர், அதற்கு முன் மூத்திரப்பையை ஒரு ஸ்கேன் பார்த்துவிடலாமே என்றார். பார்த்தால் 800 மில்லிக்கு மேல் தேங்கி நிற்கிறது. வலிக்குக் கொடுத்த மார்ஃபின், மலச்சிக்கல், படுத்தே கிடப்பது எல்லாம் சேர்ந்து அடைத்திருக்கிறது. குழாய் போட்டதும் பாட்டி முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! திங்கட்கிழமை எண் இறங்கத் தொடங்கியிருந்தது. அன்று சலைன் மட்டும் போட்டிருந்தால் தேங்கிய பானையில் இன்னும் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

எச்சரிக்கை ‘ஏதோ நடக்கிறது’ என்று மட்டும்தான் சொல்லும். ஏன் என்பதை ஒருவர் நோயாளியின் பக்கத்தில் போய் நின்றுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, இதனால் உயிர் பிழைக்கிறார்களா?

மணி மட்டும் அடித்தால், இல்லை. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்தே இதைச் சோதித்துவிட்டார்கள்.

2015-இல் முடிவு வந்த ஆய்வில், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 2393 நோயாளிகள். பாதிப்பேருக்கு மட்டும் வார்டு டாக்டருக்கும் மருந்தாளுநருக்கும் பேஜரில் செய்தி போனது. கிரியாட்டினின், டயாலிசிஸ், மரணம் எதிலும் வித்தியாசம் இல்லை. ‘வெறும் செய்திதானே அனுப்பினீர்கள், என்ன செய்யலாம் என்றும் காட்டுங்கள்’ என்றார்கள். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆறு மருத்துவமனைகளில் 6030 பேரை வைத்து அதையும் செய்தார்கள், 2021-இல் முடிவு வந்தது. டாக்டர் நோயாளியின் பக்கத்தைத் திறந்தவுடன் திரையில் பெட்டி குதிக்கும், செய்ய வேண்டிய டெஸ்டுகளின் பட்டியலுக்கும் அங்கிருந்தே போகலாம். பதினான்கு நாளில் பாதிப்பு முற்றியவர்கள், டயாலிசிஸ் போனவர்கள், இறந்தவர்கள் எல்லாரையும் சேர்த்தால் எச்சரிக்கைக் குழுவில் 21.3 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 20.9.

தூக்கத்தைக் கெடுத்தது இன்னொரு எண். ஆறில் இரண்டு, மாணவர்களுக்குப் பாடம் நடத்தாத சின்ன மருத்துவமனைகள். அங்கே எச்சரிக்கை போன குழுவில் 15.6 சதவீதம் பேர் இறந்தார்கள், போகாத குழுவில் 8.6.

மணி அடித்ததால் எப்படிச் சாவு கூடும்?

ஆய்வு செய்தவர்களே உறுதியான காரணம் சொல்லவில்லை. அந்த இரண்டு இடத்திலும் சேர்த்து 765 பேர்தான், தற்செயலாகவும் இருக்கலாம். என் சந்தேகத்தைச் சொல்கிறேன், சந்தேகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் சிவப்புப் பெட்டி குதித்தால் டாக்டருக்கு எதையாவது செய்தாக வேண்டும் போலிருக்கும். கைக்கு எட்டியது டிரிப்ஸ். பலவீனமான இதயத்துக்கு அது நுரையீரலில் போய்த் தேங்கும். இல்லாவிட்டால் தேவையான ஆன்டிபயாடிக்கைக் கிட்னிக்குப் பயந்து நிறுத்துவோம். பக்கத்தில் தட்டிக் கேட்க ஒரு சிஸ்டரோ சீனியரோ இல்லாத இடத்தில் இது நடக்க வாய்ப்பு கூடுதல்.

அப்புறம் எதற்கு இதை இன்னும் வைத்திருக்கிறார்கள்?

மணியோடு கூடவே வேலையும் நடந்த இடங்களில் கொஞ்சம் பலன் தெரிந்திருக்கிறது. இங்கிலாந்தில் ஐந்து மருத்துவமனைகளில் எச்சரிக்கை, செய்ய வேண்டியவற்றின் ஒரு பக்கப் பட்டியல், ஊழியர்களுக்குப் பயிற்சி மூன்றையும் சேர்த்தே இறக்கினார்கள். 2019-இல் வந்த முடிவில் 30 நாள் மரணம் குறையவில்லை. ஆனால் நீண்ட நாள் படுத்திருந்தவர்கள் ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், கண்டுபிடிக்கப்பட்ட கேஸ்களும் கூடின. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் மருத்துவமனைக் குழுமத்தில் எச்சரிக்கை வருவதற்கு முன் ஏகேஐ நோயாளிகளில் 10.2 சதவீதம் பேர் இறந்தார்கள், வந்த பின் 9.4. இது முன்-பின் ஒப்பீடுதான், சீட்டுக் குலுக்கியதல்ல. மற்ற காரணங்களும் கலந்திருக்கலாம்.

எனக்குப் பிடித்த உதாரணம் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனை. 2011-இல் தொடங்கினார்கள். கிரியாட்டினின் ஏறும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. கிட்னியைத் தாக்கக்கூடிய மருந்து மூன்று ஒரே சமயத்தில் போகும் குழந்தை, அல்லது மூன்று நாளாக ஊசியில் அமினோகிளைகோசைடு (ஜென்டாமைசின் போன்ற) வகை ஆன்டிபயாடிக் போகும் குழந்தை யார் என்று கம்ப்யூட்டர் தினமும் பட்டியல் கொடுக்கும். மருந்தாளுநர் அதை எடுத்துக்கொண்டு ரவுண்ட்ஸுக்குப் போவார், இந்த மருந்து இன்னும் வேண்டுமா என்று நேராகக் கேட்பார், தினமும் கிரியாட்டினின் எடுக்கச் சொல்வார். மருந்தால் வரும் கிட்னி பாதிப்பு 64 சதவீதம் குறைந்தது. ஒன்பது மருத்துவமனைகளுக்கு விரித்தபோது பலன் 23.8 சதவீதமாகச் சுருங்கியது என்றாலும் நின்றது. இங்கே மணி எந்த அறையில் அடிக்கிறது, யார் எழுந்து போக வேண்டும், போய் என்ன கேட்க வேண்டும் மூன்றும் முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. பேஜருக்கு வராத பலன் இதற்கு வந்ததன் காரணம் அதுதான் என்பது என் எண்ணம்.

யேல் குழு பிறகு மருந்தின் பெயரைச் சொல்லியே எச்சரித்தது, 5060 பேர். ‘இவருக்கு ஏகேஐ, வலி மாத்திரை ஓடுகிறது’ என்பதுபோல. 24 மணி நேரத்தில் மருந்தை நிறுத்தியவர்கள் 55.9 சதவீதத்தில் இருந்து 61.1 ஆனார்கள். மொத்தப் பலனில் உறுதியான வித்தியாசம் வரவில்லை. வயிற்று அமிலத்துக்குப் போடும் பேண்டபிரசோல் வகை மாத்திரை எடுத்தவர்களிடம் மட்டும் சற்று நல்ல அறிகுறி.

செயற்கை நுண்ணறிவு முன்கூட்டியே சொல்லிவிடும் என்கிறார்களே?

கூகுளின் டீப்மைண்ட் இதில் இரண்டு வேலை செய்தது, இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். ஒன்று, லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் வந்த ஸ்ட்ரீம்ஸ் என்ற போன் செயலி. அதில் ஓடியது மேலே சொன்ன என்.ஹெச்.எஸ். கணக்குதான். இதற்காக மருத்துவமனை 16 லட்சம் நோயாளிகளின் விவரத்தை டீப்மைண்டுக்குக் கொடுத்த விதம் சட்டப்படி சரியில்லை என்று 2017-இல் தகவல் ஆணையர் சொன்னார். செயலி வந்த பிறகு, கவனத்திலிருந்து தப்பிய கேஸ்கள் 12.4-இல் இருந்து 3.3 சதவீதமாகக் குறைந்தன. கிட்னி தேறுவதில் மாற்றம் இல்லை.

இன்னொன்று 2019-இல், அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவமனைகளில் ஏழு லட்சம் பேரின் பதிவை வைத்துப் பழக்கிய நிஜமான செயற்கை நுண்ணறிவு. வரப்போகும் பாதிப்பில் 55.8 சதவீதத்தை 48 மணி நேரம் வரை முன்னதாகச் சொன்னது. ஆனால் ஒரு சரியான எச்சரிக்கைக்கு இரண்டு வீண் எச்சரிக்கை. அந்தப் பதிவில் பெண்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். அதை வைத்து மகப்பேறு வார்டில் முடிவெடுக்க நான் தயாரில்லை.

நம் ஊரில் இது உதவுமா?

கணக்கு ஓட இரண்டு வேண்டும்: ஒரே கம்ப்யூட்டரில் பழைய ரிசல்ட்டுகள், ஒரே அடையாள எண். இங்கே ஒருவர் மூன்று லேபில் டெஸ்ட் எடுத்து மூன்று சீட்டை மஞ்சப் பையில் வைத்திருக்கிறார். அதோடு, கண்ணாடி விரியன் கடித்தவர், எலிக்காய்ச்சல் வந்தவர், பேதியில் சுருண்டவர் என்று நம்மிடம் பலர் வெளியிலேயே பாதிப்பு வந்து, அதோடுதான் வாசலுக்கு வருகிறார்கள். கண்ணாடி விரியன் கேஸில் எத்தனை மணிக்குக் கடித்தது, விஷமுறிவு மருந்து எப்போது போனது, சிறுநீர் எவ்வளவு, என்ன நிறம் என்பவைதான் முதல் கேள்விகள். பெரிய மருத்துவமனைகளின் ஐ.சி.யு., ஆபரேஷனுக்குப் பிந்தைய வார்டு போன்ற இடங்களில் மணி நிச்சயம் பயன்படும், கேட்க ஆள் வைத்தால்.

அப்பா அட்மிட் ஆகியிருக்கிறார். நான் என்ன செய்யலாம்?

பழைய கிரியாட்டினின் ரிப்போர்ட், எவ்வளவு பழையதானாலும், கொண்டுபோய்க் கொடுங்கள். கம்ப்யூட்டர் செய்யும் வகுத்தல் கணக்கை டாக்டர் அங்கேயே மனதில் போட்டுவிடுவார். கடைசியாக எப்போது சிறுநீர் போனார், எவ்வளவு என்று கவனித்துச் சொல்லுங்கள். வீட்டில் போடும் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள், மூட்டு வலிக்குக் கடையில் வாங்கியதையும் சேர்த்து.

கிட்னிக்காக ஏதாவது மாத்திரையை நிறுத்தினால், எப்போது மறுபடி தொடங்குவது என்று கேளுங்கள். பி.பி. மாத்திரையையும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டு யாரும் திரும்ப எழுதாமல், மூன்று மாதம் கழித்துச் சர்க்கரை 400-இல் வந்து நின்றவரை நான் பார்த்திருக்கிறேன். லேப் மணி டிஸ்சார்ஜ் ஆனவரின் வீடுவரை வராது. அடுத்த கிரியாட்டினின் எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கிளம்புவதற்கு முன் எழுதி வாங்கிவிடுங்கள்.